சச்சினை 1990-லயே நிறுத்திப் பாத்தா எப்படி இருக்கும்: ஸ்டாட்ஸ்குரு ரிவ்யூ

கிரிக்கெட் பத்தி ஆன்லைன்ல சண்டை போடுற எல்லாருக்கும் கிரிக்இன்ஃபோ சைட்டோட ஸ்டாட்ஸ்குரு தெரிஞ்சிருக்கும், நேர்ல போய் பாக்கலன்னாலும் அதுல இருந்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டையாவது யாரோ ஒருத்தர் உங்க மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பாங்க. பாதிப் பேர் அதை யூஸ் பண்றது ஒரே வேலைக்குத்தான், என் ஆளு பெருசா உன் ஆளு பெருசா, வெளிநாட்டுல ஆவரேஜ் எவ்ளோ, சேஸிங்ல எவ்ளோ, அவ்ளோதான். என்னைக் கேட்டா அந்த டூலோட உண்மையான பவர் அதுல இல்ல. ஒரு பேட்ஸ்மேனோட ஆரம்ப வருஷங்களை மட்டும் தனியா வெட்டி எடுத்து, அவர் பின்னாடி என்ன ஆகப்போறாருன்னு தெரியாத மாதிரி பாக்கலாம் பாருங்க, அதுக்குத்தான் இதை விட்டா வேற ஆளில்ல. அதை வச்சு மட்டும்தான் இந்த ரிவ்யூ.

முதல்ல தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டிராவிஸ் பசேவிங்கிறவர் கட்டுன சர்ச் டூல் இது, காசு கிடையாது, உள்ள நுழைய லாகின் எல்லாம் வேண்டாம். ஆள் பேரைப் போட்டா டெஸ்ட், ஒன்டே, டி20னு தனித்தனியா பிரிச்சுக் குடுக்கும், அப்புறம் எதிரணி, எந்த நாடு, உள்ளூரா வெளியூரா, எத்தனாவது எடத்துல இறங்குனாரு, எப்படி அவுட்டானாருன்னு ஏகப்பட்ட ஃபில்டர். பக்கத்தைத் திறந்தா கட்டம் கட்டமா, டிக் பாக்ஸ் டிக் பாக்ஸா இருக்கும், அழகுக்கெல்லாம் அங்க எடமில்ல, புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சம் மிரட்சியாத்தான் இருக்கும். ஃபோன்ல பாக்குறதை விட பெரிய ஸ்க்ரீன்ல பாருங்க, டேபிள் அகலமானது.

நமக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு தேதி ஃபில்டர், இன்னொன்னு க்யூமுலேட்டிவ் ஆவரேஜஸ்னு ஒரு வியூ இருக்கு அது. முதல் மேட்ச்ல இருந்து ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த ஆளோட ஆவரேஜ் என்னவா இருந்துச்சுன்னு வரிசையா காட்டும். சாதாரணமா ஒரு பிளேயர் பக்கத்துக்குப் போனா என்ன தெரியும், சச்சின்னா 200 டெஸ்ட், 15921 ரன், 53.78 ஆவரேஜ், 51 செஞ்சுரி, அவ்ளோதான் முடிஞ்சு போச்சு, மலை மாதிரி நிக்குது, அதுல பையன் எங்க இருக்கான்? ஒரு சின்ன விஷயம், 15921-ஐ அவர் அவுட்டான 296 தடவையால வகுத்தா 53.787 வரும், இவங்க ரவுண்டு பண்ணி 53.79னு போட மாட்டாங்க, அப்படியே வெட்டி 53.78னுதான் போடுவாங்க. கால்குலேட்டரை வச்சுக்கிட்டு தப்பு கண்டுபிடிச்சிட்டேன்னு யாராவது குதிச்சா இதைச் சொல்லுங்க.

சரி மேட்டருக்கு வருவோம். சச்சின் பேரைப் போட்டு, டெஸ்ட், பேட்டிங், கடைசித் தேதியை 1990 ஆகஸ்ட் 8-னு வைங்க. 8 டெஸ்ட், 12 இன்னிங்ஸ், 369 ரன், ஆவரேஜ் 30.75, ஃபிஃப்டி மூணு, செஞ்சுரி சைபர். இப்ப பேரை மறைச்சிட்டு இதை ஒருத்தர் கிட்ட காட்டி இந்தப் பையனை டீம்ல வச்சுக்கலாமான்னு கேட்டுப் பாருங்க, பரவால்ல பாக்கலாம், இன்னும் ஒரு சீரிஸ் குடுக்கலாம்னுதான் சொல்லுவாங்க, பாதிப் பேர் அதுவும் சொல்ல மாட்டாங்க. பதினேழு வயசுன்னு சேத்துச் சொன்னாதான் முகம் மாறும், ஆனா அந்த வயசு இந்த டேபிள்ல ஒரு கட்டத்துல கூட கிடையாது, அதை நீங்களா பக்கத்துல எழுதிக்கணும்.

இன்னிங்ஸ் பை இன்னிங்ஸ் லிஸ்ட்டுக்குப் போனா இன்னும் சுவாரஸ்யம். முதல் வரி 15, கராச்சி, 1989 நவம்பர் 15, வக்கார் யூனிஸ் பந்துல போல்ட். வக்காருக்கும் அதே மேட்ச்தான் முதல் டெஸ்ட். அடுத்து ஃபைசலாபாத்ல 59, 8, லாகூர்ல 41, சியால்கோட்ல 35, 57. மொத்தம் 215 ரன், ஆவரேஜ் 35.83. பதினாறு வயசுல இம்ரான், வாசிம், வக்கார், காதிர்னு அந்த பவுலிங்கை அவங்க ஊர்லயே சந்திச்சு ஒரு சீரிஸ் முழுக்க ஒரு டக் (சைபர்) கூட இல்லாம வந்திருக்கார்ங்கிறது இந்த ஆறு நம்பரை வரிசையா பாக்கும்போதுதான் எனக்கு உறைச்சது, வெறும் 35.83-ஐ பாத்தா உறைக்காது.

அந்த கடைசி 57 இருக்கே, அங்கதான் டூலோட எல்லையும் தெரியுது. சியால்கோட்ல 38 ரன்னுக்கு 4 விக்கெட் போன நேரத்துல உள்ள வந்து, வக்கார் போட்ட பவுன்சர் மூக்குல பட்டு ரத்தம் சட்டையில வழிஞ்சு, வெளிய போக மாட்டேன்னு நின்னு ஆடுன இன்னிங்ஸ் அது, எதிர்முனையில சித்து. டேபிள்ல என்ன இருக்கு? 57. அவ்ளோதான். பக்கத்துல எதிரணி, கிரவுண்ட், தேதி. ஃபைசலாபாத்ல எடுத்த 59 இதை விட ரெண்டு ரன் கூட, அதனால லிஸ்ட்டை ரன் வாரியா அடுக்குனா அதுதான் மேல நிக்கும். இது ஸ்டாட்ஸ்குருவோட குத்தம் இல்ல, எண்கள்னாலே அப்படித்தான். ஆனா எண்களை மட்டும் பாத்து ஒரு ஆளோட ஆரம்ப காலத்தை எடை போட உக்காந்தீங்கன்னா எதைத் தவற விடுவீங்கன்னு இந்த ஒரு வரி காட்டிரும். அதனாலதான் சொல்றேன், ஒவ்வொரு வரியோட ஓரத்துலயும் அந்த மேட்ச் ஸ்கோர்கார்டுக்கு லிங்க் இருக்கு, அதைக் கிளிக் பண்ணாம யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

நியூசிலாந்து டூர் அடுத்தது, கிறைஸ்ட்சர்ச்ல முதல் டெஸ்ட் டக், அடுத்த இன்னிங்ஸ் 24, அப்புறம் நேப்பியர்ல 88. இந்த 88-க்கு எடுத்துக்கிட்ட பந்து 266. பின்னாடி வந்த சச்சினை மட்டும் பாத்தவங்களுக்கு இது நம்பவே முடியாத ஸ்ட்ரைக் ரேட். இன்னும் 12 ரன் அடிச்சிருந்தா உலகத்துலயே சின்ன வயசுல டெஸ்ட் செஞ்சுரி அடிச்சவர்னு பாகிஸ்தானோட முஷ்டாக் முகமதுவைத் தாண்டிப் போயிருப்பாரு, டேனி மோரிசன் பந்தைத் தூக்கி அடிச்சு ஜான் ரைட் கிட்ட கேட்ச் குடுத்துட்டாரு. அதே ஜான் ரைட்தான் பின்னாடி நம்ம டீமுக்கே கோச்சா வந்தாரு, அது வேற கதை.

இப்ப தேதியை அடுத்த மேட்ச் வரைக்கும் நகத்துங்க. ஓல்ட் ட்ராஃபோர்ட், 1990 ஆகஸ்ட். முதல் இன்னிங்ஸ் 68, ரெண்டாவது 119 நாட் அவுட். 408 டார்கெட், 183-க்கு 6 விக்கெட் காலி, மனோஜ் பிரபாகரோட சேந்து பிரியாம 160 ரன் பார்ட்னர்ஷிப் போட்டு மேட்சை டிரா பண்ணாங்க. க்யூமுலேட்டிவ் வியூவுல பாருங்க, மேட்சுக்கு முன்னாடி 30.75, மேட்சுக்கு அப்புறம் 42.76. ஒரே டெஸ்ட்ல பன்னெண்டு ரன் ஆவரேஜ் ஏறுது. அதுல நாட் அவுட்டோட பங்கு பெருசு, 119 ரன் கூடுது ஆனா அவுட் எண்ணிக்கை கூடல, 13-லயே நிக்குது. ஆரம்ப கால ஆவரேஜை நம்பாதீங்கன்னு பெரியவங்க சொல்றது இதனாலதான், இன்னிங்ஸ் கம்மியா இருக்கும்போது ஒரு நாட் அவுட்டே ஆளைத் தூக்கி எங்கயோ வச்சிரும். அடுத்த ஓவல் டெஸ்ட்ல 21 அடிச்சதும் 41.21-க்கு இறங்கி வந்துருச்சு.

இங்க ஒரு நுணுக்கம் கவனிக்கணும். ஸ்டாட்ஸ்குருல இருக்குற தேதி மேட்ச் ஆரம்பிச்ச தேதி. அந்த 119 அடிச்சது ஆகஸ்ட் 14, ஆனா டேபிள்ல ஆகஸ்ட் 9-னுதான் இருக்கும். அதனாலதான் மேல 8-னு வைக்கச் சொன்னேன். இதே காரணத்தாலதான் அந்த செஞ்சுரி அடிச்சப்ப சச்சினோட வயசு 17 வருஷம் 107 நாள்னு ஒரு எடத்துலயும் 112 நாள்னு இன்னொரு எடத்துலயும் போட்டிருப்பாங்க, மேட்ச் தொடங்குன நாளை வச்சா 107, செஞ்சுரி அடிச்ச நாளை வச்சா 112, ரெண்டுமே சரிதான், இதுக்குப் போய் கமெண்ட்ல மண்டையை உடைச்சுக்கிறாங்க.

ஒன்டேக்கு வந்தா கதை வேற மாதிரி போகுது. முதல் ரெண்டு மேட்ச்சும் முட்டை. 1989 டிசம்பர் 18 குஜ்ரன்வாலா சைபர், வக்கார் திரும்பவும். அடுத்தது 1990 மார்ச்ல டனிடின், அங்கயும் சைபர். இந்த லிஸ்ட்டை மட்டும் பாக்குறவர் என்ன நினைப்பார், பையனுக்கு ஒன்டே செட் ஆகலன்னு. ஆனா குஜ்ரன்வாலாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி பெஷாவர்ல அப்துல் காதிரை வெளுத்து 18 பந்துல 53 அடிச்சது எங்கடான்னு தேடுனா கிடைக்காது. ஏன்னா அது ஒன்டேயா நடக்க வேண்டிய மேட்ச், ஆட முடியாமப் போய் வந்த ஜனங்களுக்காக 20 ஓவர் எக்சிபிஷன் மேட்ச்சா மாத்தி ஆடுனாங்க, அஃபிஷியல் கணக்குல வராது. சச்சின் சச்சின்னு பாகிஸ்தான்லயே பேச வச்ச இன்னிங்ஸ் ரெக்கார்டுல இல்ல, அடுத்த மேட்ச்சோட முட்டை மட்டும் பத்திரமா இருக்கு.

அப்புறம் முதல் ஒன்டே செஞ்சுரிக்கு எவ்ளோ காத்திருந்தார்னு கீழ ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போங்க. 1994 செப்டம்பர், கொழும்பு, ஆஸ்திரேலியாவோட, 110. அவரோட 79-வது ஒன்டே அது! அவ்ளோ மேட்ச் செஞ்சுரி இல்லாம இன்னிக்கு யாராவது டாப் ஆர்டர்ல இருக்க முடியுமா, மீம் போட்டே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஆனா பேட்டிங் பொசிஷன் கட்டத்தைப் பாத்தா விஷயம் புரியும், ஆரம்ப வருஷங்கள்ல நாலு, அஞ்சு, ஆறுன்னுதான் இறங்கியிருக்கார், அங்க இறங்கி செஞ்சுரி அடிக்க ஓவர் எங்க இருக்கு? 1994 மார்ச் 27 ஆக்லாந்துல சித்துவுக்கு கழுத்து பிடிச்சுக்கிட்டதால ஓப்பனிங் போய் 49 பந்துல 82 அடிச்சார், அதுக்கப்புறம் அந்தப் பொசிஷனை 1, 2-ன்னு ஃபில்டர் பண்ணிப் பாருங்க, மொத்தம் இருக்குற 49 ஒன்டே செஞ்சுரில 45 ஓப்பனரா இறங்கி அடிச்சது. பொசிஷன் ஃபில்டர் ஒண்ணுக்காகவே இந்த டூலுக்கு நான் இன்னொரு ஸ்டார் சேத்துக் குடுப்பேன். ஆரம்பத்துல சுமாரா ஆடுனான்னு சொல்றதுக்கும், ஆரம்பத்துல தப்பான எடத்துல இறக்குனாங்கன்னு சொல்றதுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் அந்த ஒரு கட்டம்தான்.

சச்சினை விட்டுட்டு வேற ஆட்களைப் போட்டாதான் இன்னும் சரியா புரியும். 1990 நவம்பர்ல சண்டிகர்ல இலங்கையோட ஒரு டெஸ்ட், சச்சின் 11. அதே மேட்ச்ல இலங்கைக்கு ஒரு பையன் அறிமுகம், மார்வன் அட்டப்பட்டு, 0, 0. ரெண்டு வருஷம் கழிச்சு 1992-ல கொழும்புல ஆஸ்திரேலியாவோட ஒரு சான்ஸ், 0, 1. திரும்பவும் ரெண்டு வருஷம் ஆள் காணோம், 1994-ல அகமதாபாத், 0, 0. ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன். க்யூமுலேட்டிவ் ஆவரேஜ்ல 0.16-னு ஒரு நம்பரை நான் வேற யாருக்கும் பாத்ததில்ல. அந்த மனுசன்தான் கடைசில 5502 டெஸ்ட் ரன், 16 செஞ்சுரி, அதுல 6 டபுள் செஞ்சுரி. மூணு மேட்ச்சும் வேற வேற வருஷம்ங்கிறதை தேதி கட்டத்துல பாத்தாதான் அந்த ஆறு இன்னிங்ஸோட வலி தெரியும், தொடர்ந்து ஆறு இன்னிங்ஸ்ல சொதப்புனா அது ஃபார்ம் இல்லன்னு சொல்லலாம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்ட்டு ரெண்டு இன்னிங்ஸ் குடுத்தா அதை என்னன்னு சொல்றது.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் வினோத் காம்ப்ளி. பள்ளிக்கூட மேட்ச்ல சச்சினோட சேந்து 664 பார்ட்னர்ஷிப் போட்டவர். 1993-ல இங்கிலாந்தோட 224, அடுத்து ஜிம்பாப்வேயோட 227, அப்புறம் இலங்கையில 125, 120. அந்த வருஷம் வரைக்கும் மட்டும் வெட்டுனா டெஸ்ட் ஆவரேஜ் நூறைத் தாண்டி நிக்கும், பக்கத்துல சச்சினோட ஆரம்ப நம்பரை வச்சா சின்னப் பையன் மாதிரி இருக்கும். அப்புறம் 1995-ல லிஸ்ட் டக்குனு நின்னு போகுது, 17 டெஸ்ட், 54.20, முடிஞ்சது. ஏன் நின்னுச்சுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க, டேபிள் ஒரு காரணமும் சொல்லாது. கடைசி வரிக்குக் கீழ வெள்ளையா இருக்கும், அவ்ளோதான்.

நம்ம சீக்காவையும் (கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்) விடல. 1981 நவம்பர், பம்பாய், இங்கிலாந்தோட முதல் டெஸ்ட், 0, 13. அந்த 13 ரன் அவுட். ஓடும்போது அவுட்டுன்னு நினைச்சா ஏமாந்தீங்க, பந்தைத் தட்டிட்டு கிரீஸை விட்டு சும்மா நடந்து போனாரு, எம்புரி ஸ்டம்பை எறிஞ்சுட்டாரு. இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு அந்த ரன் அவுட்ங்கிற ஒரு வார்த்தையைப் பாத்தாலே சிரிப்பு வரும், தெரியாதவங்களுக்கு அது சாதா ரன் அவுட். கோலியோட முதல் டெஸ்ட் சீரிஸ் 2011 வெஸ்ட் இண்டீஸ்ல, அஞ்சு இன்னிங்ஸ்ல 76 ரன், இதை நிறைய பேர் மறந்தே போயிட்டாங்க, இல்ல மறந்த மாதிரி நடிக்கிறாங்க.

குறைன்னு எனக்குப் படுறது முக்கியமா ஒண்ணு. இது இன்டர்நேஷனல் மேட்ச் டூல். ரஞ்சியை இதுல தேட முடியாது. ஒரு பேட்ஸ்மேனோட ஆரம்ப காலம்னா அது இந்தியா தொப்பி போட்ட அன்னிக்கா ஆரம்பிக்குது? சச்சின் 1988 டிசம்பர்ல குஜராத்தோட முதல் ரஞ்சி மேட்ச்லயே 100 நாட் அவுட், அப்ப அவருக்கு வயசு 15. அந்த செஞ்சுரி இல்லன்னா கராச்சி இல்ல. ஆனா ஸ்டாட்ஸ்குருவுக்கு ஆள் பொறந்ததே கராச்சிலதான். உள்ளூர்ல பத்து வருஷம் ரன்னைக் கொட்டிட்டு முப்பது வயசுல சான்ஸ் கிடைச்சு ரெண்டு டெஸ்ட்ல தூக்கப்பட்டவங்க எத்தனை பேர், அவங்கெல்லாம் இங்க ரெண்டு வரிதான். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் என் கையில அஞ்சுக்கு நாலு.

இன்னொன்னு, விட்ட கேட்ச் இதுல வராது. 1990 லார்ட்ஸ்ல இங்கிலாந்தோட கூச் 333 அடிச்சார், 36-ல கிரண் மோரே கேட்ச் விட்டார், டேபிள்ல 333 மட்டும்தான். அதே மேட்ச்ல சச்சின் 10, 27-னு பேட்டிங்ல ஒண்ணும் பண்ணல, ஆனா ஆலன் லாம்ப் தூக்கி அடிச்சதை ஓடிப்போய் ஒத்தைக் கையில பிடிச்ச கேட்ச்சைத்தான் எல்லாரும் பேசுனாங்க. அதுக்கு ஃபீல்டிங் பக்கம் போய் பாக்கணும், அங்கயும் அது ஒரு கேட்ச், கையில வந்து விழுந்ததும் ஒரு கேட்ச்.

இவ்ளோ படிச்சிட்டு ட்ரை பண்ணிப் பாக்கணும்னு தோணுச்சுன்னா சச்சின்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, நான் சொன்னதையே திரும்பப் பாப்பீங்க. ஆஸ்திரேலியாவோட ஸ்டீவ் வாஹ் பேரைப் போட்டு, டெஸ்ட், தேதியை 1989 மே வரைக்கும் வச்சு, என்டர் தட்டுங்க. 26 டெஸ்ட் வரும், செஞ்சுரி கட்டத்தைப் பாருங்க.